நேட்டாலில் தமிழ் இதழ் அச்சிட்டவரை நினைவுகூர ஒரு டிரெடில்: நன்கொடை வேண்டுகோள்

பெருமதிப்பிற்குரிய வடசென்னை அன்பர்களுக்கு வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் நெடுங்காலம் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் அடித்துக் கொடுத்த ஓர் அச்சகம் மூடப்பட்டபோது, அதன் உரிமையாளர் குடும்பத்தார் டிரெடில் எனப்படும் கால்மிதி அச்சு எந்திரம் ஒன்றையும் எழுத்துப் பெட்டிகளையும் பழைய இரும்புக்குப் போட மனமின்றி எங்கள் படிப்பகத்திடம் ஒப்படைத்தனர். தாழ்வாரத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் அந்த எந்திரத்தைப் பழுதுபார்த்து ஓட வைக்கவும், கடல்கடந்து குடியேறிய நாட்டில் தமிழ் வார இதழ் நடத்திய ஒருவரின் வாழ்க்கையை அதைச் சுற்றிக் கண்காட்சியாக அமைக்கவும் குழு முடிவு செய்துள்ளது.

அவர் பி.எஸ். அய்யர். ஒப்பந்தக் கூலியாக அல்லாமல் தாமாகவே கப்பலேறி, தென்னாப்பிரிக்காவில் அன்று பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த நேட்டாலுக்குச் சென்றவர். அங்கு 1898இல் ‘இந்தியன் வோர்ல்டு’ என்ற இதழையும், 1901இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் ‘கலோனியல் இந்தியன் நியூஸ்’ இதழையும் தொடங்கினார். இரண்டும் நிலைக்கவில்லை. ஆயினும் 1908இல் டர்பனில் ஆங்கிலமும் தமிழும் கலந்த ‘ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்’ வார இதழை அவர் மறுபடியும் தொடங்கினார் என்பதே எங்களை அவர்பால் ஈர்த்தது.

நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை முதன்முதலில் ஏற்றிச் சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் 1860 அக்டோபரில் நம் சென்னைக் கரையிலிருந்துதான் புறப்பட்டது. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. அலையைத் தாண்டி நங்கூரமிட்ட கப்பல்வரை மசூலாப் படகில்தான் போக வேண்டும். அது 342 பேருடன் நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் சென்னை வழியாகப் போனவர்கள். அய்யரின் தமிழ்ப் பக்கங்கள் அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் உரியவை.

1895ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதன்பின் வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் எழுதாமல் அங்கேயே தங்கினால் ஆளுக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். முதல் ஆண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங் என்ற கணக்கில் அது ஆறு மாதச் சம்பளம். இவ்வரியை எதிர்த்து அய்யர் தம் இதழில் இடைவிடாமல் எழுதினார். 1911இல் அதற்கெனவே தனி அமைப்பும் கண்டார். 1914இல் வரி நீக்கப்பட்டபோது புகழ் காந்தியடிகளைச் சேர்ந்தது. அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. ஆனால் காந்தியடிகளைக் கடுமையாக விமர்சித்ததாலேயே அய்யரின் பெயர் இங்கு மறக்கப்பட்டதோ என்ற ஐயம் உண்டு.

காந்தியடிகளின் ‘இந்தியன் ஒப்பீனியன்’ 1903இல் நான்கு மொழிகளில் தொடங்கி, அடுத்த ஆண்டின் இறுதியில், டர்பனுக்கு அருகே அவர் நிறுவிய பீனிக்ஸ் பண்ணைக்கு இடம் மாறியது. அங்கு முதல் இதழ் அச்சான இரவில் எண்ணெய் எந்திரம் நின்றுவிட, தூங்கிக்கொண்டிருந்த தச்சர்களையும் எழுப்பி, விடியும்வரை கையால் சக்கரம் சுற்றி அடித்தார்கள். 1906இல் அதன் தமிழ்ப் பகுதி நிறுத்தப்பட்டது. தமிழறிந்தவர்கள் பண்ணையில் வந்து தங்க முன்வராததும் அதற்கு ஒரு காரணம். அத்தகைய நாட்டில் ஒரு தனி மனிதர் வாராவாரம் தமிழ் அச்சிடுவது எத்தகைய பாடு என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் அறிவார்கள்: உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டும் 36 தனி அச்சு வேண்டும், 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, னா ஆகியவற்றுக்கும் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் வேறு வடிவங்கள் இருந்தன. ஒரு பெட்டியில் ‘கு’ தீர்ந்துபோனால் வேலை நின்றுவிடும்.

எங்களுக்குக் கிடைத்த பெட்டிகளில் அந்தப் பழைய வடிவங்கள் அறவே இல்லை. 1908ஆம் ஆண்டுப் பாணியில் ஒரு பக்கமேனும் கோத்து அடிக்க வேண்டுமானால் அவற்றைப் புதிதாக வார்க்க வேண்டும். அதற்கு 70,000 ரூபாய் ஆகும். ரோலர்களை மாற்றி, தேய்ந்த தாங்கிகளைக் கடைந்து, மிதிப்பலகையைச் சீராக்க 1,40,000 ரூபாய். இதழ்ப் பக்கங்களின் படிகளை உரிய கட்டணம் செலுத்திப் பெறவும் விளக்கப் பலகைகளுக்கும் 95,000 ரூபாய். எந்திரத்தின் எடையைத் தாங்கும் தளம், மின்விளக்கு ஆகியவற்றுக்கு 55,000 ரூபாய். மொத்தம் 3,60,000 ரூபாயில் இதுவரை 82,000 ரூபாய் சேர்ந்துள்ளது.

உள்ளூர் வரலாறு இருக்க நேட்டால் எதற்கு என்று குழுவிலேயே கேள்வி எழுந்தது. 1761இல் புதுச்சேரியில் கைப்பற்றப்பட்டு, பப்ரீசியஸ் பாதிரியாரின் பொறுப்பில் வேப்பேரிக்கு வந்த அச்சு எந்திரத்தின் கதைக்கும் ஒரு பலகை ஒதுக்கி அக்கேள்விக்கு இணங்கினோம்.

நன்கொடை சிறிதாயினும் மகிழ்வுடன் ஏற்போம். வருமானவரி விலக்குச் சான்று எங்களிடம் இல்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம். பணத்தைப் படிப்பகத்தில் மாலை 6 மணி முதல் 8 மணிவரை நேரில் அளித்து ரசீது பெற்றுக்கொள்ளலாம். வரவுசெலவுக் கணக்கு மாதந்தோறும் அங்கேயே பலகையில் ஒட்டப்படும். பணம் தர இயலாத, அச்செழுத்துக் கோத்து ஓய்வுபெற்ற கம்பாசிட்டர்கள் ஞாயிறு காலை வந்து, கலந்து கிடக்கும் எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட உதவலாம். மூக்குக் கண்ணாடியை மறவாமல் எடுத்து வரவும். எழுத்துகள் மிகப் பொடியானவை.

இங்ஙனம்,
கண்காட்சிக் குழுவினர்