கறுப்பு கோட்டு கொஞ்ச நாள் இருக்கட்டும்

அன்புள்ள மாப்ள,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததுமே உன்னைத்தான் விசாரித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ தொழிலை விட்டுவிட்டு நாவல் எழுத உட்காரப் போகிறாய் என்று குமாஸ்தா அண்ணன் சொன்னார். கேஸ் கட்டுகளைக்கூட ஜூனியரிடம் பிரித்துக் கொடுக்கிறாயாமே! நீ எழுதுவதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வாய்க்கால் தகராறு பிராதில் ஆற்றை வர்ணித்து சீனியரிடம் திட்டு வாங்கியவனாயிற்றே நீ. எழுது. ஆனால் கோர்ட்டை விட்டால்தான் எழுத முடியும் என்று நினைக்கிறாய் பார், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிரிஷாமின் நாவல்களை நாம் மாற்றி மாற்றிப் படித்திருக்கிறோம். அவர் எப்படி எழுத வந்தார் என்பதை இப்போதுதான் ஊன்றிப் படித்தேன். 1981-ல் சட்டம் முடித்து, மிசிசிப்பியில் சவுத்தேவன் என்ற ஊரில் போர்டு மாட்டியவர். கிரிமினல், விபத்து நஷ்டஈடு என்று நாம் பார்க்கிற அதே மாதிரி கேஸ்கள்தான். போதாததற்கு 1983-ல் மாநிலச் சட்டசபைக்கும் தேர்வானார். 1984-ல் ஒருநாள் டிசோட்டோ கவுன்ட்டி கோர்ட்டில், 12 வயதுச் சிறுமி ஒருத்தி தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை ஜூரி முன் சொல்வதைக் கேட்கிறார். இந்தப் பிள்ளையின் அப்பா அந்தக் கொடுமை செய்தவர்களைக் கொன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற யோசனை அவரை விடவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து, வேலைக்குப் போகுமுன் அதையே நாவலாக எழுதினார். முடிக்க மூன்று வருஷம் ஆயிற்று.

அந்தக் கதை அவருக்குக் கோர்ட்டில் கிடைத்தது மாப்ள. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் கிடைத்திருக்குமா? பாகப்பிரிவினை கேஸில் கூண்டேறிய அந்தப் பாட்டியை யோசித்துப் பார். "ரேகை என்னுதுதான் சாமி, ஆனா அன்னிக்கு என் கையைப் பிடிச்சது யாருன்னு கேளுங்க" என்றதும் கோர்ட்டே கப்சிப். நீ கையில் கிடைத்த வக்காலத்து ஃபாரத்தின் பின்பக்கத்தில் அதை அப்படியே எழுதிக்கொண்டாய். உன் நாவல் அங்கேதான் ஆரம்பித்தது என்று நான் இன்னமும் நம்புகிறேன்.

காசு விஷயமும் பேசத்தான் வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. பாப்பா அடுத்த வருஷம் காலேஜ். கிரிஷாமின் முதல் நாவல் 'எ டைம் டு கில்'லைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் ஒரு சின்னப் பதிப்பகம் 5,000 பிரதி போட்டது, அதில் 1,000 பிரதியை அவரே வாங்கினார். அப்போதும் மனிதர் ஓயவில்லை. முதல் நாவலை எழுதி முடித்த மறுநாளே அடுத்ததை ஆரம்பித்திருந்தார். அதுதான் 'தி ஃபர்ம்'. சினிமா உரிமையை பாரமவுண்ட் 6 லட்சம் டாலருக்கு வாங்கிய பிறகுதான் அவருக்குக் கை நிமிர்ந்தது. 1991-ல் புத்தகம் வந்து 47 வாரம் நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் இருந்தது. அதுவரை சோறு போட்டது வக்கீல் தொழில்தான்.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். இவ்வளவு பேரும் புகழும் வந்த பிறகு, 1996-ல் திரும்ப கோர்ட் ஏறினார். இரண்டு ரயில் பெட்டிகளுக்கு நடுவே நசுங்கிச் செத்த ஒரு ரயில்வே தொழிலாளியின் குடும்பத்துக்கு, தொழிலை விடுமுன் கொடுத்திருந்த வாக்கு அது. அவரே வாதாடி 6,83,500 டாலர் வாங்கிக் கொடுத்தார். அவர் நடத்திய வழக்குகளிலேயே பெரிய தொகை அதுதான். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாவலாசிரியரைவிட அந்த வக்கீலை எனக்கு அதிகம் பிடித்துப்போனது.

செய்யாத கொலைக்கு மரண தண்டனை பெற்ற ரான் வில்லியம்சனைப் பற்றி 2006-ல் அவர் எழுதிய 'தி இன்னசென்ட் மேன்' என்னிடம் இருக்கிறது, கூரியரில் அனுப்புகிறேன். அது நாவல் இல்லை, நடந்த கதை. 1999-ல் டிஎன்ஏ பரிசோதனைதான் அவரை வெளியே கொண்டுவந்தது. பொய்ச் சாட்சி வருகிற இடங்களை நிதானமாகப் படி, உன் மூன்றாம் அத்தியாயத்துக்கு உதவும்.

எழுதிய வரைக்கும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. மற்ற கட்டுகளை யாருக்கு வேண்டுமானாலும் கொடு. பாட்டியின் கேஸை மட்டும் கைமாற்றாதே, அடுத்த வாய்தாவில் பத்திர எழுத்தரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். நானும் வந்து உன் பக்கத்தில் உட்காருகிறேன். தேதியை மட்டும் எழுது.

அன்புடன்,
உன் மாப்ள