வண்ண அட்டை காட்டாத கல் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரும் திருமணப் பருவத்தில் கல் வைத்த நகைகளில் எந்த நிறம் மேலோங்கும், எந்த வடிவம் பின்தங்கும் என்று கணித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சிறுவயதில் திருச்சியில் சாணைத் தட்டின் முன் அமர்ந்து, பின்னர் நாற்பது ஆண்டுகள் கோவை, சென்னைப் பட்டறைகளுக்குக் கல் வழங்கி, இப்போது ஓய்ந்திருப்பவன் என்ற முறையில் அதற்குச் சில சொற்கள் சேர்க்க விரும்புகிறேன். வெளிநாட்டு வண்ண நிறுவனங்களின் அறிவிப்புகளையும் பெருங்கண்காட்சிகளில் வைக்கப்பட்ட நகைகளையும் கட்டுரையாளர் நன்றாகவே தொகுத்திருக்கிறார். அவற்றில் பிழை காண நான் எழுதவில்லை. தங்கத்தின் விலை, கல்லைப் பதிக்கும் முறை, பழைய நகையை எடை போடும் தராசு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் நம் ஊர்க் கல் நகையின் நாளைய உருவத்தைத் தீர்மானிக்கின்றன என்பதும், கணிக்கிறவர்கள் முதலில் எட்டிப் பார்க்க வேண்டிய இடங்கள் அவையே என்பதும் என் கருத்து.

நானும் வண்ண அட்டையை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டவன்தான். அடுத்த ஆண்டின் நிறம் இது என்று ஆண்டுதோறும் அறிவிக்கும் அமெரிக்க நிறுவனமான பான்டோன், 2013ஆம் ஆண்டுக்கு மரகதப் பச்சையைத் தேர்ந்தெடுத்தது. செய்தியைப் படித்த கையோடு, மோதிரத்துக்கும் தோட்டுக்கும் ஏற்ற அளவுகளில் பட்டை தீட்டிய பச்சை ஒனிக்ஸ் கற்களை ஜெய்ப்பூரிலிருந்து என் சக்திக்கு மீறி வாங்கி அடுக்கினேன். பச்சை வந்தது, அந்த அளவில் கணிப்பு பொய்க்கவில்லை. ஆனால் பதிக்கும் கல்லாக வர வேண்டியது கோக்கும் மணியாக வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில், நகாசு வேலைப் பதக்கத்தின் இருபுறமும் மூன்று சரம், ஐந்து சரம் எனப் பச்சை மணிகள் இறங்கும் மாலைகள் மணப்பெண்களின் கழுத்தை நிறைத்தபோது, என் கற்கள் பொட்டலம் பிரிக்கப்படாமல் பெட்டியிலேயே கிடந்தன.

ஏன் மணியாக வந்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பழைய நகை வாங்கும் மேசையில் இருந்த ஒரு நண்பர்தான் விளக்கினார். 2013 ஆகஸ்டில் தங்கத்தின் இறக்குமதி வரி 10 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. கழுத்து நிறையப் பொன் அணிவிக்க முடியாத குடும்பங்களும் கழுத்து நிறைந்து தெரிய வேண்டும் என்று விரும்பின. மாலையின் நீளம் முழுவதையும் மணிச்சரம் ஏற்றுக்கொண்டால், பொன் பதக்கத்தில் மட்டும் இருந்தால் போதும். இது ஒரு காரணம். இதைவிட வலுவான மற்றொன்று, எப்போதாவது அந்த மாலையை விற்கவோ அடகு வைக்கவோ நேர்ந்தால் சரத்தை அறுத்துவிட்டுப் பதக்கத்தைத் தனியே தராசில் வைக்கலாம். எது பொன், எது கல் என்ற வழக்கே எழாது. பதித்த கல்லில் அந்த வசதி கிடையாது.

கல் நகை வாங்கியவர்கள் எல்லோருக்கும் இந்த வழக்கு தெரிந்ததே. வாங்கும்போது மொத்த எடையிலிருந்து கல்லின் எடையை எவ்வளவு கழித்தார்கள் என்பது ஒரு கேள்வி. விற்கும்போது அதே கல்லுக்காக எவ்வளவு கழிக்கிறார்கள் என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே விடை கிடைத்த வீடு அரிது. கல்லுக்குக் கொடுத்த பணம் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை, அடியில் நிரப்பிய அரக்கும் மெழுகும்கூடச் சில சமயம் பொன் விலைக்கு வாங்கப்பட்டிருக்கும். 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட ஹால்மார்க் முத்திரை பொன்னின் தூய்மைக்கு உறுதி சொல்கிறது. அதே நகையில் இருக்கும் கல் மண்ணில் விளைந்ததா, ஆய்வுக்கூடத்தில் வளர்ந்ததா, பிளவுகளில் கண்ணாடி நிரப்பியதா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. இந்த அச்சம் இருக்கும் வரையில், பதித்த கல்லின் பக்கம் மக்கள் மெதுவாகத்தான் வருவார்கள் என்பதை எந்த வடிவமைப்பாளரும் கணக்கில் எடுக்க வேண்டும். எங்கள் பாட்டிமார் ஏழுகல் தோட்டுக்கும் எட்டுக்கல் பேசரி என்ற மூக்கணிக்கும் புளூஜாகர் வைரம் கேட்டு வாங்கினார்கள் என்றால், அந்த வைரத்துக்கு மறுவிலை உண்டு என்ற நம்பிக்கையும் அதற்குள் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயர் நம் ஊர் வீட்டுப் பேச்சில் இப்படித் தேய்ந்து நிலைத்தது என் மனத்துக்குப் பிடித்த விந்தைகளில் ஒன்று.

பதிக்கும் முறையைப் பற்றிச் சொல்வதற்குத் திருச்சியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1970களிலும் 80களிலும் இந்த ஊரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் புதுக்கோட்டைப் பக்கமும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் செயற்கைக் கல்லைப் பட்டை தீட்டி வாழ்ந்தன. குச்சியின் நுனியில் அரக்கை உருக்கிக் கல்லை ஒட்டி, சுழலும் தட்டில் சாய்வு பார்த்து வைத்து, ஒவ்வொரு முகமாகத் தேய்த்தெடுக்கும் அந்த வேலையில் அளவுகோல் என்பது கண்ணும் விரலும்தான். 1976 முதல் வணிக அளவில் உருவாக்கப்பட்ட, வைரம்போல் மின்னும் செயற்கைக் கல்லான கியூபிக் சிர்க்கோனியா, அமெரிக்கன் டைமண்ட் என்ற பெயரில் எங்களிடம் வந்தபோது தொழில் இன்னும் பெருகியது. பின்னர் அது சுருங்கியதற்குச் சீனாவின் வூஜோ நகரத்து இயந்திரக் கற்களின் மலிவே காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை.

மறுபாதி நகைப் பட்டறையில் நிகழ்ந்தது. முன்பெல்லாம் பொன்னில் குழி எடுத்து, கல்லை அதில் இறக்கி, விளிம்பைத் தள்ளி இறுக்குவார்கள். கல் ஒரு மயிரிழை பெரிதாக இருந்தால் பதிப்பவர் குழியை அதற்கேற்பச் சீர்செய்துகொள்வார். காஸ்டிங் எனப்படும் வார்ப்பு முறை பரவியபோது, மெழுகில் செய்த உருவிலேயே கல்லைப் பதித்து, அதைச் சாந்துக்குள் வைத்துச் சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய பொன்னை ஊற்றிக் கல்லோடு சேர்த்தே நகையை எடுக்கலாயினர். இந்த முறைக்கு நூறு கல்லும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு கல் சற்றுச் சிறுத்தாலும் வார்ப்பில் கழன்றுவிடும். கையால் தீட்டிய எங்கள் கற்களில் அந்த ஒருமைப்பாடு இல்லை. அன்றைக்கு எங்களுக்கு வேண்டியிருந்த முன்கணிப்பு, அடுத்த ஆண்டு இளஞ்சிவப்பு ஓடுமா ஊதா ஓடுமா என்பதைப் பற்றியதாக இருந்திருக்க முடியாது. பதிக்கும் முறை மாறப்போகிறது, அளவுச் சல்லடையும் அளவு காட்டும் கருவியும் வாங்குங்கள் என்று பத்தாண்டுகளுக்கு முன்னதாக யாராவது சொல்லியிருந்தால் சில நூறு குடும்பங்களாவது தப்பியிருக்கும்.

அதே வார்ப்பு உலைதான் நிறங்களையும் பொறுக்கியது. வைரமும் மாணிக்கமும் சிர்க்கோனியாவும் அந்தச் சூட்டைத் தாங்கும். மரகதம் தாங்காது, அதைப் பின்னர் கையால்தான் பதிக்க வேண்டும். எனவே குறைந்த கூலியில் திரளாகச் செய்யப்பட்ட நகைகளில் வெள்ளையும் சிவப்பும் மிகுந்தன, உண்மையான பச்சை கூலி ஏறிய நகைகளில் தங்கியது. கடை அலமாரியைப் பார்த்து இது மக்களின் சுவை மாற்றம் என்று எழுதியவர்களை அப்போது நிறையப் படித்திருக்கிறேன்.

சுவை என்பதே இல்லை என்று நான் வாதிடவில்லை. 1981இல் டயானா அணிந்த இலங்கை நீலக்கல் மோதிரம் 2010இல் கேட் மிடில்டனின் கைக்கு வந்தபோது, உலகெங்கும் நீலக்கல் மோதிரங்களுக்குத் தேவை எழுந்தது. இத்தகைய நிகழ்ச்சியை எந்தக் கணிப்பாளரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அலை நம் கல்யாண நகைக்குள் வரவில்லை. நீலம் சனிக்குரிய கல். சாதகம் பார்க்காமல் அதை மணப்பெண்ணுக்குப் பூட்ட எத்தனை மாமியார்கள் ஒப்புவார்கள்? பழுப்பு நிறக் கற்களுக்கும் அதே நிலைதான். 2025ஆம் ஆண்டின் நிறமாக ஒரு காப்பிப் பழுப்பு அறிவிக்கப்பட்டதைக் கேட்டபோது, கோமேதகத்தை ராகுவுக்காக அன்றி அழகுக்காகக் கேட்டு வந்த ஒரு வாடிக்கையாளரையாவது நினைவுபடுத்திப் பார்த்தேன். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

இன்னொன்றையும் வாசகர்கள் அறிவது நல்லது. கணிப்பு என்ற பெயரில் வருவனவற்றில் ஒரு பகுதி, கையிருப்பை நகர்த்துவதற்கான விற்பனைப் பேச்சு. 1967இல் தான்சானியாவில் கிடைத்த ஒரு நீல ஊதாக் கல்லுக்கு, அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த டிஃபனி நிறுவனம் 1968இல் தான்சனைட் என்று பெயரிட்டது. 2002இல் அமெரிக்க வணிகர் அமைப்பு அதை டிசம்பர் மாதப் பிறப்புக் கற்களில் சேர்த்தது. முன்பு யாரும் கேள்விப்பட்டிராத கல் இப்படித்தான் வழக்கமாயிற்று. வரத்தும் இப்படியே வழக்கத்தை மாற்றும். இலங்கையில் கெவுட என்று ஒதுக்கப்பட்ட பால்நிறக் கற்களைத் தாய்லாந்து வணிகர்கள் 1970களில் வாங்கிச் சென்று, உலையிலிட்டு நீலமாக்கத் தொடங்கியதும் நல்ல நிற நீலக்கல் உலகச் சந்தையில் பெருகியது. மொசாம்பிக்கின் மாண்டெபுவெஸ் பகுதியில் 2009இல் மாணிக்கம் கண்டெடுக்கப்பட்ட பிறகு, பர்மா சிவப்பு ஒன்றையே பேசிக்கொண்டிருந்த எங்கள் கடைவீதியும் புதிய சிவப்பைப் பழகிக்கொண்டது. சுரங்கச் செய்தியைப் படிக்கிறவருக்கு, நகைக்கடைக் கண்ணாடிக்குள் எது வரப்போகிறது என்பது சில ஆண்டுகள் முன்னதாகவே ஓரளவு தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால், இன்று கவனிக்க வேண்டியவை இரண்டு. 2025 ஜூலையில் 9 காரட் பொன்னும் ஹால்மார்க் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டது. நம் 22 காரட் பொன் மென்மையானது. அதில் நான்கு மெல்லிய கம்பி நகங்களால் கல்லைப் பிடித்து நிறுத்தினால் நாளடைவில் நகம் வளைந்து கல் விழும், ஆகையால்தான் கல்லைச் சுற்றி முழுவதும் பொன் அணைக்கும் மூடிய கட்டு நம்மிடம் வழக்கமாயிற்று. 9 காரட்டில் பொன் 37.5 விழுக்காடுதான், எஞ்சியது வேறு உலோகம்; அது கெட்டியாக நிற்கும், கல்லைத் திறந்து காட்டும் மெல்லிய கட்டுகளைத் தாங்கும். பொன்விலை இறங்காதவரை, நாள்தோறும் அணியும் சிறு தோடும் மோதிரமும் இந்த வகைக்கு நகரும் என்றும், அவற்றில் கல்லே முதன்மை பெறும் என்றும் நான் எதிர்பார்க்கிறேன். கல்யாண மாலை 22 காரட்டை விட்டு அசையாது.

மற்றொன்று, ஆய்வுக்கூட வைரம். அதன் ஆராய்ச்சிக்காகச் சென்னை ஐஐடிக்கு ஐந்தாண்டு மானியம் தரப்படுகிறது என்பது 2023ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தையொட்டி வந்த செய்தி. அந்த வைரத்தின் விலை இறங்க இறங்கக் கல்லின் அளவு ஏறும். சிறு கற்களை நெருக்கிப் பதிக்கும் வேலை குறைந்து பெரிய ஒற்றைக் கல் வரும். நெருக்கிப் பதிப்பதையே கற்ற இளைஞர்களுக்கு அது நல்ல செய்தி ஆகாது. இக்கணிப்புகள் தவறலாம். தவறினால் என்னைக் கேட்கலாம் என்பதற்காகவே எழுதி வைக்கிறேன்.

கோவை குறிச்சியில் தங்க நகைத் தொழில் வளாகம் அமைப்பதாக அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. அங்கே கல்லைச் சோதித்துச் சான்று தரும் கூடம் ஒன்று சிறு பட்டறைக்கும் எட்டும் கட்டணத்தில் அமைய வேண்டும். நகைச் சீட்டில் மொத்த எடை, கல்லின் எடை, கல்லின் வகை ஆகிய மூன்றும் தனித்தனியே எழுதப்படுவதும் எல்லாக் கடைகளிலும் உறுதியாக வேண்டும். பதித்த கல்லின் மீதான அச்சம் இவ்விரண்டால் பெரிதும் குறையும். அச்சம் குறைந்தால் கணிப்புகளும் வேறாகும்.

தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை நகைப் போக்குகளைப் பற்றிய கட்டுரை வெளியிடும்போது, வடிவமைப்பாளரோடு கல் பதிக்கும் தொழிலாளி ஒருவரையும், பழைய நகையை எடை போட்டு வாங்குபவர் ஒருவரையும் உட்காரவைத்துக் கேட்டு எழுதச் செய்யுங்கள். இருவரும் காலை 11 மணிக்கு முன்பு பேச ஓய்வாக இருப்பார்கள்.

இங்ஙனம்,
கல் வணிகத்திலிருந்து ஓய்வு பெற்ற வாசகர்,
திருச்சிராப்பள்ளி