எண்ணிக்கைக்குள் கிடக்கும் எங்கள் பூட்டனார்

போரில் மாண்டவர்களின் பதிவேடுகளைக் காத்துவரும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் வீட்டு மரப்பெட்டியில் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய வட்டமான வெண்கலத் தகடு ஒன்று இருக்கிறது. அதில் பிரிட்டனின் உருவகப் பெண்ணான பிரிட்டானியா சிங்கத்தோடு நிற்கிறாள். பக்கத்தில் ஆங்கில எழுத்துகளில் என் பூட்டனாரின் பெயர். முதல் உலகப் போரில் மாண்டவர்களின் குடும்பங்களுக்குப் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவுத் தகடு அது. உயிரைக் கொடுத்ததில் தளபதி, சிப்பாய் என்ற பேதம் கிடையாது என்று காட்ட, பதவியை வேண்டுமென்றே பொறிக்காமல் விட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பதவியும் படைப்பிரிவும் படை எண்ணும் இல்லாத அந்தத் தகட்டை வைத்துக்கொண்டு அவரை எங்கே தேடுவது?

குடும்பத்தில் வழிவழியாக வந்தது ஒரே சொல்: பஸ்ரா, இன்றைய ஈராக்கில் உள்ள நகரம்.

1917-இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் பேரரசின் போர்க் கல்லறை ஆணையத்தின் நெறி, இறந்த ஒவ்வொருவரையும் பதவி, இனம், மதம் பாராமல் பெயர் சொல்லி நினைவுகூர்வது. பிரான்ஸில் 1927-இல் திறக்கப்பட்ட நவ் சப்பேல் நினைவிடத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் இருக்கின்றன. இரண்டே ஆண்டுகள் கழித்துத் திறந்த பஸ்ரா நினைவிடத்திலோ பிரிட்டிஷ் படையினர், இந்திய அதிகாரிகள் ஆகியோரின் பெயர்கள் கல்லில் ஏறின. இந்தியச் சிப்பாய்கள் தத்தம் படைப்பிரிவின் கீழ் ‘மற்றும் இத்தனை பேர்’ என்று எண்ணிக்கையானார்கள். அந்த எண்ணிக்கையில் ஒன்று எங்கள் பூட்டனார் என்றே நம்புகிறேன். மாண்டவனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் பெருமையையும் அதில் எழுதிய மரபில் வந்தவர்கள் நாங்கள். பெயரில்லாத கல்லின் முன்னால் எப்படிக் கைகூப்புவது?

2021-இல் அந்த ஆணையத்தின் சிறப்புக் குழுவே இதை ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் என 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்கு நிகராக நினைவுகூரப்படவில்லை. இன்னும் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே பொறிக்கப்படவில்லை அல்லது நினைவிடமே இல்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மன்னிப்பும் கேட்டார்கள். அதை மதிக்கிறேன். மன்னிப்புக்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை பற்றியே இந்த மடல்.

பதிவேடுகளின் இணையத் தேடல் பக்கங்கள் முதலில் குடும்பப் பெயரைக் கேட்கின்றன. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துதான் முன்னால் நிற்கும். பெயரையும் அன்றைய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். முனுசாமி என்பவர் ஒரு தாளில் முனிசாமி, இன்னொன்றில் மூனுஸ்வாமி, வேறொன்றில் மூனசாவ்மி. ஓர் எழுத்து மாறினாலும் திரையில் ஒன்றும் வராது. எத்தனை இரவுகள் ஒவ்வோர் உச்சரிப்பாகத் தட்டிப் பார்த்திருக்கிறேன்! அம்மாவுக்கு இப்போது எண்பது வயது. கிடைத்ததா என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

எங்களிடம் இருப்பவை தந்தை பெயரும் ஊர்ப்பெயரும். இந்தியப் படையினர் பலரின் பதிவுகளில் ‘இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன மாவட்டம்’ என்று எழுதியே இருக்கிறது. அந்த வரியிலிருந்து தேட வழி செய்யுங்கள். தமிழ் எழுத்தில் பெயரைக் கொடுத்தால் ஆங்கிலத்தில் அது எழுதப்பட்டிருக்கக்கூடிய எல்லா வடிவங்களையும் சேர்த்துத் தேடட்டும். தமிழ் அறிந்தவர்களை இந்த வேலையில் அமர்த்துங்கள். மாறிப்போன ஊர்ப்பெயரை ஓர் உள்ளூர்க்காரர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். சண்டையிட்டவர்களோடு நின்றுவிடாமல், சுமை தூக்கியவர்கள், சமைத்தவர்கள், காயம்பட்டவர்களைச் சுமந்தவர்கள் ஆகியோரின் பட்டியல்களையும் திறந்துவிடுங்கள். என் பூட்டனார் துப்பாக்கி பிடித்தாரா, மண்வெட்டி பிடித்தாரா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

தகட்டின் இரு பக்கப் படங்களையும், அவர் தந்தையின் பெயரையும், ஊரின் பழைய, புதிய பெயர்களையும் எடுத்து வைத்திருக்கிறேன். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள், அன்றே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பஸ்ராவிலிருந்து திரும்பாத ஒருவரின் கொள்ளுப்பேத்தி