நோபராவிலிருந்து பஸைட்டுக்கு

அன்புள்ள சரவணா,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்.

உன் கேள்விக்கு வருகிறேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு நின்றுவிட்டது, உன் ஏழாம் தலைமுறை ஐ5 பிராசஸர் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸில் எதைப் போடலாம் என்று கேட்டிருந்தாய். நானே போன மாதம்தான் நோபராவை விட்டு பஸைட்டுக்கு வந்தேன். இரண்டுமே கேம் விளையாடுபவர்களுக்கான லினக்ஸ் வகைகள்.

நோபரா நல்ல சிஸ்டம். எட்டு மாதம் நிம்மதியாக விளையாடினேன். அதை அப்டேட் செய்ய அதிலேயே தனிச் செயலி உண்டு, அதைத்தான் பயன்படுத்த வேண்டும். நான், நோபராவுக்கு அடித்தளமான ஃபெடோரா என்ற லினக்ஸுக்கான குறிப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு, கட்டளை தட்டச்சு செய்யும் டெர்மினலில் நேரடியாக அப்டேட் கொடுத்தேன். மறுநாள் கறுப்புத் திரை. தப்பு என்னுடையது. ஆனால் என்னைப் போன்ற புதியவன் தப்பு செய்தாலும் தாங்குகிற சிஸ்டம் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பஸைட்டுக்கும் அடித்தளம் ஃபெடோராதான். ஆனால் இதில் சிஸ்டம் முழுவதும் ஒரே பிம்பமாக (இமேஜ்), அதாவது முழுத் தொகுப்பாக வருகிறது, உள்ளே நாம் கை வைக்க முடியாது. அப்டேட் என்றால் புதிய பிம்பம் பக்கத்தில் இறங்கி, அடுத்த முறை பூட் ஆகும்போது நடைமுறைக்கு வரும். பழையது அழிவதில்லை. புதியதில் கோளாறு என்றால் பூட் மெனுவில் முந்தையதைத் தேர்ந்தெடுத்தால் போதும். நான் மாறியது இதற்காகத்தான், வேகத்துக்காக அல்ல. இரண்டிலும் விண்டோஸ் கேம்களை ஓட்டுவது ஸ்டீம் கேம் கடையின் புரோட்டான் என்ற மென்பொருள்தான். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

மாறும்போது நான் பயந்தது, கேமில் எதுவரை வந்தோம் என்பதைப் பதிந்து வைக்கும் சேவ் ஃபைல்களுக்கு. என் ஸ்டீம் கேம்கள் இரண்டாவது டிஸ்கில் இருந்தன. புரோட்டானில் ஓடும் கேம்களின் சேவ் பெரும்பாலும் அதே டிஸ்கில், கம்பாட்டேட்டா என்ற ஃபோல்டருக்குள் எண் பெயரில் இருக்கும். எல்டன் ரிங்குக்கு அந்த எண் 1245620. அதனால் அவற்றுக்கு ஆபத்தில்லை. பஸைட் ஏற்றிய பிறகு ஸ்டீமின் ஸ்டோரேஜ் அமைப்பில் அந்த டிஸ்கைச் சேர்த்தேன், எதையும் மறுபடி டவுன்லோட் செய்யாமலே எல்லாம் வந்துவிட்டது. ஹோம் ஃபோல்டரில் இருந்தவைதான் சிக்கல். ஸ்டீம் அல்லாத கேம்களை ஓட்டும் ஹீரோயிக் என்ற செயலியில் விளையாடிய விட்சர் 3-இன் சேவ் அங்கே இருந்தது. பாப்பாவின் ஸ்டார்டியூ வேலி பண்ணையும் அங்கேதான், புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் என்ற மறைந்த ஃபோல்டருக்குள். கண்ட்ரோல், ஹெச் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் கண்ணில் படும். நோபரா பென்டிரைவில் பூட் செய்து இரண்டையும் வெளி டிஸ்குக்கு நகலெடுத்த பிறகுதான் பழையதை அழித்தேன். மறுநாள் காலையில் பாப்பா தன் கோழிக்கூடு அப்படியே இருப்பதைப் பார்த்துத் துள்ளினாள், எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

உன் கேம்கள் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்கில் இருக்கின்றன. அப்படியே புரோட்டானில் ஓட்டாதே. விண்டோஸ் அனுமதிக்காத பெயர்களில் அது ஃபைல்களை உண்டாக்கும், பிறகு விண்டோஸ் அந்த டிஸ்கைச் சரிபார்க்கும்போது கெட்டுப்போகலாம். அந்த டிஸ்கை லினக்ஸின் ஃபார்மட்டான இஎக்ஸ்டி4-க்கு மாற்றிவிடு. மாற்றும்போது டிஸ்கில் உள்ளதெல்லாம் அழியும், முதலில் நகல் எடு.

ஒரு குறை சொல்ல வேண்டும். பஸைட்டில் சின்னச் சின்ன புரோகிராம்களை முன்போல நினைத்தவுடன் ஏற்ற முடியாது, ஃபிளாட்ஹப் என்ற செயலிக் கடையில் தேட வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. தமிழ்நெட் 99 விசைப்பலகை மட்டும் எதையும் ஏற்றாமலே அமைப்பில் இருந்தது, இந்தக் கடிதத்தை அதில்தான் அடிக்கிறேன்.

தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிடு: வேலரண்ட் கேம் லினக்ஸில் ஓடாது. அவன் அதை விடமாட்டான் என்றால் சின்ன டிஸ்கில் விண்டோஸ் இருக்கட்டும்.

டவுன்லோட் செய்யும்போது கிராஃபிக்ஸ் கார்டு எது என்று கேட்கும். உன்னுடையது ஜிடிஎக்ஸ் 1060, பழைய என்விடியா கார்டுகளுக்கான தேர்வையே எடு. 16 ஜிபி பென்டிரைவ் ஒன்று வாங்கி வை. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது சேர்ந்து உட்கார்ந்து ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
மாரி