விளம்பரம் யாருக்குக் காட்டப்பட்டது? தேர்தல் ஆணையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர்களுக்கு,

வணக்கம். இணைய விளம்பரங்களுக்குச் செலவிட்ட தொகையை வேட்பாளர்களிடம் கணக்குக் கேட்கும் வழக்கம் பல நாடுகளில் வந்துவிட்டது. அந்த விளம்பரம் யாருக்குக் காட்டப்பட்டது, யார் கண்ணில் படாமல் தவிர்க்கப்பட்டது என்பதையும் அதே கண்டிப்போடு கேட்க வேண்டும் என்று கோரவே இதை எழுதுகிறேன்.

மேடைப் பேச்சை எதிரணியினரும் கேட்கிறார்கள். பொய் இருந்தால் மறுநாளே மறுக்கிறார்கள். இணையத்திலோ, ஒரே கட்சி ஒரே நாளில் முதியவர்களுக்கு ஓய்வூதியத்தையும், இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பையும், இன்னொரு பிரிவினருக்கு அயலார் மீதான அச்சத்தையும் தனித்தனியே காட்டலாம். ஒருவருக்குக் காட்டியது மற்றவருக்குத் தெரியாது என்பதால், முரண்பட்ட வாக்குறுதிகளை ஒப்பிட்டுக் கேள்வி கேட்க யாருமில்லை.

இவ்விளம்பரங்கள் மனத்தையே மாற்றிவிடும் என்ற பேச்சு மிகையானது என்றே கருதுகிறேன். ஏறத்தாழ 8.7 கோடி ஃபேஸ்புக் பயனர்களின் தரவு கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கலாம் என்று 2018இல் தெரியவந்தபோது உலகமே அதிர்ந்தது. ஆனால் அதே ஆண்டில் வெளியான, பல களச் சோதனைகளைத் தொகுத்த அமெரிக்க ஆய்வு ஒன்று, பொதுத்தேர்தல்களில் பரப்புரை கட்சித் தேர்வை மாற்றும் அளவு சராசரியாகப் பூஜ்யத்தை ஒட்டியே இருப்பதாகக் கண்டது. வாக்களிக்கப் போவதா வேண்டாமா என்ற முடிவின் கதை வேறு. 2010 அமெரிக்கத் தேர்தல் நாளில், வாக்களித்த நண்பர்களின் படங்களோடு ஃபேஸ்புக் சுமார் 6 கோடிப் பேருக்குக் காட்டிய நினைவூட்டல் ஏறத்தாழ 3.4 லட்சம் கூடுதல் வாக்குகளைக் கொணர்ந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். அது விளம்பரம் அன்று. எனினும், யாருக்கு நினைவூட்டுவது, யாரைச் சலிப்படையச் செய்து வீட்டிலேயே இருத்துவது என்று தேர்ந்தெடுக்கும் வசதி ஒரு தரப்பின் கையில் இருந்தால், சில நூறு வாக்குகளில் முடிவாகும் தொகுதியில் அதுவே போதும்.

இந்தத் தேர்வைச் செய்பவர் வேட்பாளர் மட்டுமல்லர். மாற்றுக் கருத்துடையோரிடம் விளம்பரத்தைக் கொண்டுசேர்க்கத் ஃபேஸ்புக் தளத்தில் எந்த விளம்பரம் யாருக்குப் போவது என்று முடிவுசெய்யும் கணிப்புமுறை கூடுதல் கட்டணம் பிடிக்கிறது என்று 2019இல் ஆய்வாளர்கள் காட்டினர். எதிரணியினரிடம் பேச விரும்பும் நேர்மையான வேட்பாளருக்கும் இது தண்டனைதான்.

நிறுவனங்களே சரிசெய்துகொள்ளும் என்று காத்திருப்பதில் பயனில்லை. 2019இல் அரசியல் விளம்பரத்தைத் தடைசெய்த ட்விட்டர், உரிமையாளர் மாறியபின் 2023இல் மீண்டும் அனுமதித்தது. அரசியல் விளம்பரங்களின் வெளிப்படைத்தன்மைக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதிகள் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது, கூகுளும் ஃபேஸ்புக்கின் உரிமையாளரான மெட்டாவும் அங்கே அத்தகைய விளம்பரங்களை ஏற்பதையே நிறுத்திக்கொண்டன. அப்படி நிறுத்தினாலும் பணம் நின்றுவிடாது. காசு வாங்கிக்கொண்டு சொந்தக் கருத்தைப்போலப் பேசும் பிரபலங்களிடம் அது ஒதுங்கும்.

ஆகவே, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் பயன்படுத்திய வயது, இடம், ஆர்வம் முதலிய தெரிவுகளையும், குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் காட்டுவதற்காகத் தளத்தில் பதிவேற்றிய தொலைபேசி எண் பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதையும், பிரபலங்களுக்குக் கொடுத்த தொகையையும், தேர்தல் முடிந்த பிறகு அல்ல, விளம்பரம் வெளியான 24 மணி நேரத்துக்குள் எவரும் தேடிப் பார்க்கும்படி வெளியிட ஆணையிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்