முகாம் நிலத்துக்காக மெனக்கெட்ட எல்லோருக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

பழைய ராணுவ முகாம் நிலத்தில் குடியிருப்பு அமைக்கும் திட்டத்துக்கு ஒருவழியாக ஒப்புதல் கிடைத்துவிட்டது. இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை, மண்ணைச் சுத்தம் செய்கிற வேலையே முதலில் முடிய வேண்டும், இப்போதே நன்றியா என்று கேட்கலாம். திறப்பு விழா வரைக்கும் காத்திருந்தால் அன்றைக்கு மேடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் மாலை விழும், அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் சொல்லிவிட்டீர்கள். பரவாயில்லை, யாரைச் சொல்கிறேன் என்பது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி எங்களைத் தாமதப்படுத்தியவர்களுக்கு. கிண்டலாகச் சொல்லவில்லை.

மண் பரிசோதனைப் பொறியாளர் மேடம், நீங்கள் முதல் கூட்டத்தில் பேசியபோது பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். காலி நிலம், நடுவில் பெரிய பரேடு மைதானம், ஓரமெல்லாம் வளர்ந்த மரங்கள், இதில் என்ன ஆராய்ச்சி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். துப்பாக்கி சுடும் தளத்தின் பின்னால் இருக்கும் மண்மேட்டில் தோட்டாக்களின் ஈயம் தேங்கியிருக்கும், வண்டிப் பட்டறை இருந்த இடத்தில் எண்ணெயும் எண்ணெய்ப்பசை நீக்கும் ரசாயனமும் இறங்கியிருக்கும், தீயணைப்புப் பயிற்சி நடந்த இடமென்றால் அங்கே அடித்த நுரையில் இருந்த பிஎஃப்ஏஎஸ் வகை ரசாயனங்கள் லேசில் சிதையாமல் நிலத்தடி நீரோடு நகர்ந்துகொண்டே இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனீர்கள். அமெரிக்காவில் டென்வர் நகரத்து லோரி விமானப்படைத் தளத்தைப் பற்றி நீங்கள் சொன்னதுதான் எங்களை உட்கார வைத்தது. 1994-ல் மூடிய தளம், வீடுகள் கட்டி மக்களும் குடிவந்த பிறகு 2003-ல் மண்ணுக்குள் அஸ்பெஸ்டாஸ் துண்டுகள் கிடைத்தன, எப்போதோ இடித்துத் தள்ளிய பழைய கட்டடங்களின் மிச்சம். குழந்தைகள் முற்றத்தில் விளையாட ஆரம்பித்த பிறகு அந்த முற்றத்தைத் தோண்டுவதா, முன்னாலேயே தோண்டுவதா என்று கேட்டீர்கள். அதற்கப்புறம் யாரும் அவசரப்படுத்தவில்லை.

வாகனப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா, உங்களுக்குத் தனியாகவே ஒரு மடல் எழுத வேண்டும். முகாமின் எந்த வரைபடத்திலும் இல்லாத எரிபொருள் தொட்டி எங்கே புதைந்திருக்கிறது என்று கைத்தடியால் கோடு கிழித்துக் காட்டினீர்கள், அளவுக் கருவி வைத்துப் பார்த்தபோது அங்கேயேதான் இருந்தது. எறிகுண்டுப் பயிற்சிக் குழியையும் நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தப் பகுதியில் உலோகம் கண்டறியும் கருவியால் அடி அடியாகத் தேடி முடிக்காமல் அஸ்திவாரம் தோண்டக்கூடாது என்று திட்டத்திலேயே எழுத வைத்தோம். கலிபோர்னியாவின் ஃபோர்ட் ஆர்டு தளம் 1994-ல் மூடப்பட்டது. ஒரு பகுதியில் பல்கலைக்கழகமே வந்துவிட்டது, ஆனால் மற்ற பகுதிகளில் வெடிக்காமல் கிடந்த குண்டுகளை அகற்றும் வேலை அதற்கப்புறமும் பல ஆண்டுகள் ஓடியது. அறிக்கை எழுத வந்த ஆலோசனை நிறுவனம் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. முகாமில் வேலை பார்த்தவர்களைத் தேடிப் பேசுவது அவர்கள் செய்திருக்க வேண்டிய முதல் வேலை.

நிலப் பதிவேடு அலுவலகத்தில் உதவியவர்களை மறக்க முடியாது. இவ்வளவு பெரிய நிலமும் ஆவணத்தில் ஒரே துண்டு, உள்ளே தெரு கிடையாது, மனை கிடையாது, சுற்றிலும் மதில் மட்டும்தான். எது எப்போது யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்று பழைய ஏடுகளைப் புரட்டி எடுத்துக் கொடுத்தீர்கள். போர்க்காலத்தில் நிலத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அப்படித்தான் கூட்டத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கு நான் நன்றி சொல்வது கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது, ஏனென்றால் அவர்கள் கேட்டது இன்னும் முழுதாகத் தீரவில்லை. வீடு ஒதுக்கும்போது அவர்களுக்கு முன்னுரிமை என்பது வரைவில் இருக்கிறது, இழப்பீட்டுப் பேச்சு தனியாக நடக்கிறது. கோபத்தோடு வந்தவர்கள் கோபத்தை வைத்துக்கொண்டே கடைசிவரை உட்கார்ந்து பேசினார்கள், அதற்குத்தான் இந்த நன்றி.

குடிநீர், கழிவுநீர் வேலை தெரிந்த தம்பிமார்களே, முகாம் முழுக்க ஒரே ஒரு மீட்டர், எந்தக் குழாய் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது, அதை நம்பி வீடு கட்ட முடியாது, எல்லாமே புதிதாகப் போட வேண்டும் என்று நீங்கள் சொன்ன அன்றைக்குச் செலவுக் கணக்கு தலைகீழாகிவிட்டது. வலித்தது, ஆனால் நிஜம்.

அப்புறம் கட்டடக்கலைக் கல்லூரி மாணவர்கள். எல்லாவற்றையும் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டுத் தொடங்கலாம் என்ற பேச்சு வலுத்திருந்தபோது, படைவீரர் தங்கிய நீளமான கட்டடங்களை அளந்து, சுவர் கெட்டியாக இருக்கிறது, ரெண்டு பக்கமும் ஜன்னல் இருக்கிறது, நடுச்சுவரை மாற்றினால் சின்ன வீடுகள் கிடைக்கும் என்று வரைந்து காட்டினீர்கள். ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரத்து வோபன் பகுதியை நீங்கள் எடுத்துச் சொன்னது ரொம்பப் பயன்பட்டது. 1992-ல் பிரெஞ்சு ராணுவம் விட்டுப்போன பாசறை அது, அங்கே பழைய கட்டடங்களில் சிலவற்றைக் குடியிருப்போரே கூட்டாகச் சீரமைத்துக் குறைந்த வாடகையில் வாழ்கிறார்கள், கார்களைப் பகுதியின் ஓரத்திலேயே அடுக்கு நிறுத்தகங்களில் விட்டுவிட்டு உள்ளே நடக்கிறார்கள். ட்யூபிங்கனிலும் இதே மாதிரி ஒரு பாசறை, அங்கே நகராட்சி மொத்த நிலத்தையும் ஒரே கம்பெனிக்கு விற்காமல் சின்னச் சின்ன மனையாகப் பிரித்து, சேர்ந்து வீடு கட்ட முன்வந்த குடும்பக் குழுக்களுக்குக் கொடுத்தது, தரைத்தளத்தில் கடையும் பட்டறையும் வந்தன. மொத்தமாக ஏலம் விட்டால் பணம் சீக்கிரம் வரும் என்ற வாதம் எங்கள் குழுவிலும் பலமாக இருந்தது, இன்னும் இருக்கிறது. கட்டம் கட்டமாகத்தான் விற்பது என்று முடிவானதில் உங்கள் வரைபடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பக்கத்துத் தெருக்காரர்களே, திட்டத்தை எதிர்த்து நீங்கள் கொடுத்த மனுக்கள் எல்லாவற்றையும் படித்தோம். முகாமுக்கு இருப்பது ஒரே வாசல், அத்தனை வண்டியும் உங்கள் தெருவில்தான் வந்து இறங்கும் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் மதிலைப் பல இடங்களில் திறந்து நடைபாதையும் சைக்கிள் பாதையும் விடுகிறோம், வண்டிகளுக்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு சாலை வருகிறது. உயரம் பற்றிய உங்கள் ஆட்சேபணையை மட்டும் நாங்கள் ஏற்கவில்லை, அதில் நமக்குள் ஒத்துப்போகாது போலிருக்கிறது. சரி, இருக்கட்டும்.

பரேடு மைதானத்தில் ஒரு வீடுகூட வரக்கூடாது என்று அடம்பிடித்த பிள்ளைகளுக்கும் நன்றி. இங்கிலாந்தில் கேட்டர்ஹாம் பாசறையைப் பற்றி 1998-ல் ஊரையே கூப்பிட்டு வார இறுதியில் திட்டம் போட்டார்கள், அங்கே பழைய தேவாலயமே இன்றைக்கு ஸ்கேட்டிங் கூடம் என்று யாரோ இவர்களிடம் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் ஆயுதக் கிடங்கு மேல் இவர்களுக்கு ஒரு கண். உத்தரவாதம் எதுவும் தரவில்லை, பார்ப்போம்.

குறைந்த வாடகை வீடுகள் நாங்கள் கேட்ட அளவுக்குக் கிடைக்கவில்லை. அதற்காகக் கடைசிக் கூட்டம் வரை குரல் கொடுத்த அக்காக்களுக்கு நன்றியோடு ஒரு வேண்டுகோளும் உண்டு: இரண்டாம் கட்ட ஒதுக்கீடு இன்னும் முடிவாகவில்லை, தயவுசெய்து சோர்ந்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டைக்கு நடுவே குறிப்பெழுதிய தம்பிக்கு, யார் எப்போது என்ன ஒப்புக்கொண்டார்கள் என்று காட்ட உன் நோட்டுதான் கைகொடுத்தது. பழைய முகாம் புகைப்படங்களைக் கொடுத்தவர்கள் குழு அலுவலகத்துக்கு வந்து அசலை வாங்கிக்கொள்ளுங்கள், நகல் எடுத்தாகிவிட்டது. மண் பரிசோதனையின் முழு அறிக்கையும் அங்கேயே மேசையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கலாம்.

அன்புடன்,
குடியிருப்போர் குழுவிலிருந்து ஒருவர்