அந்த கேசட் என்னிடம்தான் இருக்கிறது, பாய்

பாய்,

உங்கள் குரல் வந்து 23 நாளாகிறது. மொத்தம் 11 விநாடி. உங்கள் அக்கா மகன் என்னை எங்கெங்கோ தேடிப் பிடித்து, போனை உங்கள் கையில் கொடுத்திருக்கிறார். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "ஆயினா கேசட் உன்கிட்டத்தானே இருக்கு?" அவ்வளவுதான். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

இன்று பிப்ரவரி 13. உங்கள் பாகிஸ்தானின் 'ஆயினா' படத்துக்கு இசையமைத்த ராபின் கோஷ் 2016இல் இறந்த நாள். உங்களுக்கு அது ஞாபகம் இருக்கும். இன்றைக்காவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தமிழில் எழுதுகிறேன். மருமகன் எப்படியாவது மாற்றிப் படித்துக் காட்டட்டும். நான் பேசியது அறை உருது. சமைக்க, கடன் கேட்க, சண்டை போட அது போதும். மன்னிப்புக் கேட்க எனக்கு அதில் வார்த்தை இல்லை. இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. இரண்டு பக்க நிலவரமும் உங்களுக்கே தெரியும்.

ஷார்ஜாவில் நாம் தங்கியிருந்த ரோலா அறையையும் ஆறு கட்டில்களையும் விட்டுவிடுகிறேன். அந்த ஒரு வியாழக்கிழமை ராத்திரி மட்டும் போதும்.

நீங்கள் யாருடைய சட்டைக்கோ பட்டன் தைத்துக்கொண்டிருந்தீர்கள். வாயில் நூல். டாக்காக்காரர் மீன் கழுவிய கையோடு வந்து வாசலில் நின்றார். திரையில் 'ஆயினா' கதாநாயகி ஷப்னம், கோபித்துக்கொண்ட புருஷனைச் சமாதானப்படுத்தும் அந்த ஊடல் பாட்டு. நய்யாரா நூரின் குரல். அந்த இடத்தில் டேப் இரண்டு தடவை துள்ளும். துள்ளும்போதெல்லாம் நீங்கள் ஊசியை நிறுத்திவிட்டு, படம் நேரானதும் மறுபடி குத்துவீர்கள்.

"எங்க ஊர்ப் பொண்ணு. ஜர்ணா பசாக்" என்று ஷப்னத்தின் நிஜப் பெயரைச் சொன்னார் டாக்காக்காரர். 1961இல் வங்காளப் படத்தில் கதாநாயகி, மறு வருஷமே 'சந்தா'வில் உருதுக் கதாநாயகி என்று அவர் விரல் விட்டு எண்ணினார். நீங்கள் நூலைத் துப்பிவிட்டு, "71க்கு அப்புறமும் எங்களோடதானே இருந்தாங்க" என்றீர்கள். வங்காளதேசம் உங்களிடமிருந்து பிரிந்த அந்த வருஷத்தைச் சொன்னதுமே அறையில் சூடு ஏறிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். மூன்று வருஷமாக அப்படித்தான் இருந்தேன்.

"உங்களோட இருந்து அந்தம்மா என்ன கண்டாங்க? 78இல் லாகூரில் அவங்க வீட்டில் நடந்தது மறந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

என்ன நடந்தது என்று இங்கே எழுத மாட்டேன். அந்த அம்மாவின் வேதனையை ஒரு தடவை எடுத்து வீசியாயிற்று. இரண்டாம் தடவை கூடாது. நான் யாருக்காகப் பேசியதாக நினைத்தேனோ அந்த டாக்காக்காரரே தலையைக் குனிந்துகொண்டார். நீங்கள் எழுந்து ஸ்டாப்பை அழுத்தி, கேசட்டை எடுத்து உறையில் போட்டு அலமாரியில் வைத்தீர்கள். பட்டன் பாதியில் தொங்கியது. மாடிக்குப் போய்விட்டீர்கள்.

தப்பு என்னுடையதுதான். முழுத் தப்பும் என்னுடையது. ஆனால் பாய், ஒரு வருஷத்துக்கு மேல் என் தட்டும் டம்ளரும் ஜன்னல் திண்டில் தனியாகத்தான் இருந்தன. யார் பிரித்து வைத்தார்கள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன். ஒரு இந்துப் பெண் திரையில் அழுதால் உங்களுக்குக் கண் கலங்கும். அதே அறையில் ஒரு இந்துவின் டம்ளரில் உங்கள் வாய் படாது. அந்தப் பாட்டு ஓடும்போதெல்லாம் எனக்குத் திண்டுதான் கண்ணில் படும். அதனால்தான் அந்த வார்த்தை வந்தது. இது சமாதானம் இல்லை, காரணம். அதற்கான கல்லாக அந்த அம்மாவை எடுத்தேனே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நாலாம் நாள் நீங்கள் உங்கள் கிண்ணத்திலேயே சாலன் ஊற்றி, ஒன்றும் பேசாமல் என் பக்கம் தள்ளினீர்கள். நான் சாப்பிட்டேன். அதற்கப்புறமும் ஊருக்குக் கிளம்பிய ராத்திரி கேசட்டை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். நீங்கள் 60 திர்ஹம் தர வேண்டியிருந்தது, அதற்கு ஈடு என்று விமானத்தில் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். கடை கடையாக அலைந்து நல்ல பிரதியாகப் பார்த்து நீங்கள் வாங்கியது அது ஒன்றுதான். அது தெரிந்தேதான் எடுத்தேன்.

இத்தனை வருஷத்தில் ஷப்னத்தைப் பற்றி நிறையப் படித்துவிட்டேன். கராச்சியில் 'ஆயினா' 400 வாரத்துக்கு மேல் ஓடியது என்று நீங்கள் சொன்னபோது, பெருமைக்காகக் கூட்டிச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். நிஜம்தான். படம் வந்தது 1977இல். இரண்டே வருஷத்தில் 'மௌலா ஜட்' வந்து பஞ்சாபிப் படங்களில் கண்டாசா கோடாலிக்குக் காலம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் எண்பதுகளின் கடைசிவரை உருதுப் படங்களில் அவர் கதாநாயகியாகவே நின்றார். அறுபதுகளில் தொடங்கியவர்! நம்மூரில் அத்தனை வருஷம் கதாநாயகர்களைத்தான் நிற்க விடுவார்கள். தொண்ணூறுகளின் பிற்பாதியில் டாக்காவுக்கே திரும்பி, 1999இல் 'அம்மாஜான்' படத்தில் அம்மாவாக நடித்தார். டாக்காக்காரர் அதைப் பார்த்திருப்பார். முதல் நாளே போயிருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'ஆயினா' கதாநாயகன் நதீம் என்றால் உங்களுக்கு உயிர். என்னைக் கடைசிவரை பெயர் சொல்லிக் கூப்பிடாமல் மதராசி என்றே கூப்பிட்டீர்கள். அந்த நதீம் பிறந்தது விஜயவாடாவில், அது மதராஸ் மாகாணமாக இருந்த காலத்தில். ராபின் கோஷ் பாக்தாதில் பிறந்தவர். நய்யாரா நூர் அசாமில், குவாஹாட்டியில். ஷப்னம் டாக்காவில். அன்று ராத்திரி நாம் மூன்று பேரும் யாருடைய ஆள் யார் என்று அடித்துக்கொண்டோமே, அந்தப் பாட்டில் இருந்த நாலு பேரும் அப்படி ஊர் விட்டு வந்தவர்கள்தான். இது தெரிந்த அன்று உங்களிடம் உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. நம்பர் இல்லை. இருந்திருந்தாலும் பேசியிருப்பேனா தெரியாது.

கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். டேப்பின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை. சென்னையில் ஒரு கடைக்காரர் சுத்தம் செய்து பென்டிரைவில் ஏற்றித் தருகிறேன் என்றார். "பாதியில் நிற்குதே, முதலிலிருந்து சுற்றிவிட்டுக் கொண்டு வரக்கூடாதா" என்று கேட்டார். நீங்கள் நிறுத்திய இடம் அது. எங்கள் வீட்டில் அதை யாரும் போட்டுப் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் என் தங்கை மகன் துபாய்க்குத் திரும்புகிறான். பென்டிரைவோடு கேசட்டையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். உங்கள் மருமகனை அங்கே ஆள் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். 60 திர்ஹத்தை மறந்துவிடுங்கள். தட்டு விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள், பாய். 11 விநாடியில் சொல்ல வேண்டாம்.